நாய்க்கு வயிறு கெட்டால்

நாய் வாந்தி எடுத்தால் வீட்டில் முதல் வேலை துடைப்பதுதான். தரை நாறும், குழந்தை மிதித்துவிடும். ஆனாலும் துணியைக் கையில் எடுப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மலம் தண்ணீராகப் போயிருந்தாலும் அப்படியே செய்யுங்கள். கால்நடை மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளில் பலவற்றுக்கு அந்தப் படத்தில் விடை இருக்கும். என்ன நிறம், செரித்த உணவா செரிக்காததா, நுரையா சளியா ரத்தமா, துணித்துண்டோ பிளாஸ்டிக்கோ கிடக்கிறதா என்பதெல்லாம் துடைத்த பிறகு யாருக்கும் சரியாக நினைவிருப்பதில்லை.

வாந்தியையும் கழிச்சலையும் பலர் நோயின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். குப்பையில் கிடந்த பிரியாணி, குடற்புழு, பார்வோ வைரஸ், உண்ணிக் காய்ச்சல், சிறுநீரகப் பழுது, குடலில் சிக்கிய மாங்கொட்டை என்று எது காரணமானாலும் வெளியே தெரிவது இந்த இரண்டுதான். அதனால் மருந்துக் கடையில் போய் "நாய்க்கு வாந்தி, ஏதாவது மாத்திரை கொடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. நாயைப் பார்க்க வேண்டும். ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு அடுத்த நிமிடமே பந்தைத் தூக்கிக்கொண்டு வரும் நாய்க்கு அவசரம் எதுவும் இல்லை. ஒரே ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு, கூப்பிட்டால் வாலைக்கூட அசைக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கும் நாயை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எத்தனை முறை வாந்தி என்ற எண்ணிக்கையைவிட நாயின் முகமும் நடையும்தான் எனக்கு முக்கியம்.

வாந்தியா, கக்கலா, இருமலா?

மூன்றும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். வாந்தி வருவதற்கு முன் நாய் நிலைகொள்ளாமல் அலையும், உதட்டை நக்கும், எச்சில் வடியும். பிறகு வயிறு குலுங்கிக் குலுங்கி உள்ளிருப்பது வெளியே வரும். அதில் பித்தநீரின் மஞ்சள் இருக்கலாம்.

கக்கலில் இந்தப் பாடு எதுவும் கிடையாது. தலையைத் தாழ்த்தும், தின்றது அப்படியே விழும். உணவு இரைப்பைக்கே போய்ச் சேரவில்லை என்பதால் செரிக்காமல், சில நேரம் குழாய் வடிவிலேயே கிடக்கும். அவசர அவசரமாக விழுங்கும் நாய்களிடம் இதை எப்போதாவது பார்க்கலாம். தட்டை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சரியாகிவிடும். அடிக்கடி நடந்தால் உணவுக்குழாயில் கோளாறு இருக்கலாம். அதற்கான பரிசோதனையே வேறு.

மூன்றாவது இருமல். தொற்று இருமல் பிடித்த நாய் கடகடவென்று இருமிக் கடைசியில் வெள்ளை நுரையைத் துப்பும். வீட்டில் இருப்பவர்கள் வாந்தி என்று சொல்வார்கள், வயிற்றுக்கான மருந்தும் போகும். நாய் அந்தச் செயலில் இருக்கும்போதே பத்து விநாடி வீடியோ எடுத்துக் காட்டினால் மருத்துவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

அதிகாலையில் மட்டும் மஞ்சள் நுரையாகக் கொஞ்சம் வாந்தி, மற்றபடி நாய் நலம் என்றால், பெரும்பாலும் வெறும் வயிற்றில் பித்தநீர் தேங்குவதுதான் காரணம். சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடும் வீடுகளில் இது சகஜம். இரவு படுக்கும் முன் சிறிது உணவு கொடுத்துப் பாருங்கள். எப்போதாவது புல் தின்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நலமான நாய்களும் தின்னும். பூச்சிமருந்து அடித்த புல்லாக இல்லாமல் இருந்தால் போதும்.

மலத்தில் என்ன பார்ப்பது

கழிச்சல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சிறுகுடலில் கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், ஆனால் நாளைக்கு இரண்டு மூன்று தடவையோடு நிற்கும். நீடித்தால் நாய் இளைக்கும். பெருங்குடலில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போகும். முக்கும், மலத்தின் மேல் சளி படிந்திருக்கும், கடைசியில் ஒரு சொட்டு செந்நிற ரத்தமும் வரலாம். நாய் கதவருகே ஓடி ஓடி நிற்பது இதனால்தான். இந்த வித்தியாசத்தைச் சொன்னால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.

நிறங்களில் இரண்டை மட்டும் மறக்கவே வேண்டாம். தார்போலக் கறுத்து ஒட்டும் மலம், இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிந்து செரித்து வருவதன் அடையாளம். இரும்புச்சத்து டானிக் கொடுத்தாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, தக்காளிச் சாறுபோல ரத்தமாகவே போவது. இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது.

மலத்தைப் பார்த்த கையோடு ஈறையும் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டால் ஈரமாக வழுக்க வேண்டும். விரலில் ஒட்டுகிறாற்போல் இருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. ஈறை அழுத்தி விரலை எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். தோள்மேட்டுத் தோலைத் தூக்கிவிட்டால் சட்டென்று படிய வேண்டும், கூடாரம்போல நின்றால் நீரிழப்பு. மிகவும் கிழ நாய்க்கும் மெலிந்த நாய்க்கும் தோல் எப்போதுமே மெதுவாகத்தான் படியும், அவற்றில் ஈறையே நம்புங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நாய் நலமாக இருக்கும் நாளிலேயே இதையெல்லாம் ஒருமுறை செய்து பழகினால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

முதல் நாள் வீட்டில்

வளர்ந்த நாய், தடுப்பூசி போட்டது, சுறுசுறுப்பு குறையவில்லை, ரத்தம் இல்லை, ஒன்றிரண்டு வாந்தி அல்லது கொஞ்சம் தளர்ந்த மலம். இந்த அளவுக்கு என்றால் ஒரு நாள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாந்தி இருந்தால் 6 முதல் 12 மணி நேரம் உணவை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். ஒரேயடியாகக் கிண்ணம் நிறைய வைத்தால் முழுவதையும் குடித்துவிட்டுத் திரும்ப வாந்தி எடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை சில வாய் வீதம் வையுங்கள். ஓஆர்எஸ் பொடியைப் பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து வைத்துப் பார்க்கலாம், செயற்கை இனிப்பு சேர்த்தது மட்டும் வேண்டாம். குடித்தால் குடிக்கட்டும். வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

வாந்தி இல்லாமல் கழிச்சல் மட்டும் என்றால் பட்டினி போட வேண்டிய அவசியமே இல்லை. முன்பெல்லாம் ஒரு நாள் முழுக்கக் குடலுக்கு ஓய்வு என்று சொல்வார்கள். குடலின் உட்சுவருக்கு அதன் வழியே போகும் உணவுதான் ஊட்டம் என்று தெரிந்த பிறகு மருத்துவர்கள் அதை வலியுறுத்துவதில்லை. தோல் நீக்கிய கோழிக்கறியை உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பைத் துளிகூட இல்லாமல் எடுத்துவிட்டு, குழைய வடித்த சோற்றோடு பிசையுங்கள். ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு சோறு. ஒரு நாள் உணவை நான்கைந்து வேளையாகப் பிரியுங்கள். பெருங்குடல் கழிச்சல் என்றால் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒன்றிரண்டு கரண்டி சேர்க்கலாம். அதன் நார் உதவும்.

சோறு நாய்க்கு ஆகாது, கறி மட்டும்தான் போட வேண்டும் என்று இப்போது பலர் சொல்லக் கேட்கிறோம். 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு மிக அதிகம் என்று காட்டியது. மனிதனோடு சேர்ந்து தானியம் தின்று பழகிய உயிர் அது. வெறும் சோறு மட்டுமே ஆயுள் முழுக்க என்றால் சத்துக் குறைவு வரும் என்பது உண்மைதான். வயிறு கெட்ட இரண்டு நாளைக்குச் சோற்றைவிட எளிதான உணவு நம் வீட்டில் வேறு இல்லை.

மலம் இறுகியதும் பழைய தீனிக்கு ஒரே வேளையில் திரும்ப வேண்டாம். கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு என்று நான்கைந்து நாளில் மாற்றுங்கள். பாக்கெட் தீனியின் பிராண்டை மாற்றும்போதும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு இப்படித்தான் மாற்ற வேண்டும். புதிதாகக் குட்டி வாங்கி வந்த வாரத்தில் வரும் கழிச்சல்களில் பல, வந்த அன்றைக்கே தீனியை மாற்றியதால் வருபவை.

இரண்டு நாளாகியும் கழிச்சல் நிற்கவில்லை என்றாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலோ வீட்டு வைத்தியம் அங்கே முடிந்தது.

மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாய் சூடாக இருக்கிறது என்று பாராசிட்டமால் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. எடைக்கு உரிய அளவை மிஞ்சினால் நாயின் ஈரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் அது கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். வயிற்றுவலிக்கு என்று கொடுத்த மாத்திரையே ரத்த வாந்திக்குக் காரணமாகிவிடும். பேதியை நிறுத்தும் லோபராமைடு, குடலின் அசைவைக் கட்டிப்போடும். நச்சோ கிருமியோ உள்ளே இருக்கும்போது அது நல்லதல்ல. கோலி இன நாய்கள் சிலவற்றுக்கு மரபணுக் காரணத்தால் அந்த மருந்து மூளைக்கே ஏறும். சாதாரணக் கழிச்சலுக்கு மெட்ரோனிடசோல் வாங்கிப் போடுவதும் வேண்டாம். பெரும்பாலும் அது இல்லாமலே குணமாகும். போட்டால் குடலின் நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்து அழியும்.

விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் பண்ணுவது, ஏற்கனவே நீர் இழந்துகொண்டிருக்கும் உடம்பிலிருந்து மேலும் நீரை எடுப்பது. எதையோ தின்றுவிட்டது என்று உப்புக்கரைசலை ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதையும் கைவிடுங்கள். ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும். ஆசிட், மண்ணெண்ணெய் போன்றவற்றை நாய் குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைப்பதே ஆபத்து. தின்றதின் உறையை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

நம் சமையலறையில் இருப்பவை

பால்சோறும் பால் பிஸ்கட்டும் கொடுத்து வளர்ப்பது நம் வழக்கம். தாய்ப்பால் மறந்த பிறகு பல நாய்களுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் மலம் இளகியே போகிறது, மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்றால் முதலில் பாலை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு. தாளிக்காத தயிர்சோறு பல நாய்களுக்கு ஒத்துக்கொள்கிறது.

வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் நஞ்சுதான். சிவப்பணுக்களைச் சிதைக்கும், சில நாள் கழித்து நாய் வெளுத்துச் சோரும். மிச்சக் குழம்பு ஊற்றிய சோறு தினமும் போகும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. பாயசத்திலும் கேசரியிலும் இருப்பதையும் சேர்த்தே சொல்கிறேன். திராட்சையின் நச்சுக்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் நிறைந்திருப்பது நம் புளியில். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதை 2022இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. புளியோதரையையும் புளி உருண்டையையும் நாய்க்கு எட்டாமல் வைக்க அது போதுமான காரணம். சாக்லேட்டில் கறுப்பு வகையும் கோகோ பொடியும் மிக மோசம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிடால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையை விழத் தள்ளும்.

கோடையில் மாங்கொட்டை. சுவைக்காக முழுதாக விழுங்கிவிடும், குடலில் போய் அடைக்கும். அடைப்பு வந்த நாய் தின்றதையெல்லாம் வாந்தி எடுக்கும், மலம் வராது, வயிற்றைத் தொட்டால் சிணுங்கும். அறுவைதான் வழி. வெந்த கோழி எலும்பு ஊசிபோலச் சிதறும். ஆசனவாயில் நூலோ துணியோ தொங்கினால் இழுக்காதீர்கள்; மறுமுனை குடலில் சிக்கியிருந்தால் குடலை அறுத்துவிடும்.

தீபாவளிக்கும் கல்யாண வீட்டுக்கும் அடுத்த நாள் வரும் இன்னொரு துன்பம் கணைய அழற்சி. ஆட்டுக்கொழுப்பு, நெய், எண்ணெயில் பொரித்தவை என்று ஒரே நாளில் ஏகமாகத் தின்ற நாய்க்கு இது வரலாம். விடாத வாந்தி, வயிற்றுவலி. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி நின்றுகொண்டே இருந்தால் விளையாட்டு என்று நினைக்காதீர்கள்.

குட்டிகளும் பார்வோவும்

ஆறு மாதத்துக்குள் உள்ள குட்டிக்கு மேலே சொன்ன "ஒரு நாள் வீட்டில்" என்பது பொருந்தாது. குட்டியின் உடம்பில் சேமிப்பு கிடையாது. பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை விழும், நீரிழப்பு மணிக்கணக்கில் முற்றும். அதற்கும் மேலாகப் பார்வோ இருக்கிறது.

1978இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. தொற்றி மூன்று முதல் ஏழு நாளில் குட்டி சோரும், தீனியைத் தொடாது. பிறகு வாந்தி, அதன்பின் ரத்தம் கலந்த, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு கழிச்சல். வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தேடித் தாக்குவது இதன் குணம். குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் ஒரே நேரத்தில் போகின்றன. உட்சுவர் இல்லாத குடல் வழியே பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழையும்போது, எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்களும் இருப்பதில்லை. வைரஸைக் கொல்ல வீட்டில் மருந்தில்லை. டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாடிக், கொஞ்சம் கொஞ்சமாக உணவு என்று நாட்கணக்கில் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. கொண்டுபோகாமல் விட்டால் பெரும்பாலானவை இறக்கின்றன. முதல் நாளே போவதில்தான் எல்லாம் இருக்கிறது. மலத்தை வைத்துப் பத்து நிமிடத்தில் சொல்லும் பரிசோதனை பல மருத்துவமனைகளில் உண்டு.

"ஒரு ஊசி போட்டாச்சே, எப்படி வந்தது?" என்று கேட்பவர்கள் நிறைய. தாயின் சீம்பால் வழியாக வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியை அது வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள். கடைசி ஊசியை விட்டுவிட்டால் முன்பு போட்டதெல்லாம் வீணாகியிருக்கலாம். அதுவரை தெருவிலும் பூங்காவிலும் குட்டியை இறக்கி விடாதீர்கள். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், ஓராண்டுவரைகூட உயிரோடிருக்கும். செருப்பில் ஒட்டி வீட்டுக்கும் வரும். பினாயிலையும் கை சுத்திகரிப்பானையும் நம்ப வேண்டாம். தரையை முதலில் சோப்பால் கழுவிவிட்டு, துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பார்வோவில் ஒரு குட்டியைப் பறிகொடுத்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத அடுத்த குட்டியைக் கொண்டுவருவது கொடுமை.

குடற்புழுவும் குட்டிகளுக்குத்தான் அதிகம். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடும், பால் வழியாகவும் வரும். அதனால் இரண்டாவது வாரம் தொடங்கி எட்டு வாரம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதமொருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை, எடை பார்த்து. கொக்கிப்புழு ரத்தம் குடிக்கும். வெளுத்த ஈறும் கறுத்த மலமும் அதனாலும் வரும். அதன் இளம்புழு வெறுங்காலில் நடக்கும் மனிதத் தோலிலும் நுழையும் என்பதால் தோட்டத்தில் கிடக்கும் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியவை

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற, நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ராஜபாளையம் நாயின் உடலமைப்பும் அப்படிப்பட்டதே. வயிறு மத்தளம்போல இறுகும். திரும்பத் திரும்ப ஓங்கரிக்கும், எதுவும் வராது, எச்சில் மட்டும் வடியும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

ரத்த வாந்தி, கறுத்த மலம், வெளுத்த அல்லது மஞ்சளித்த ஈறு, தள்ளாட்டம், எலிமருந்து தின்ற சந்தேகம் ஆகியவையும் அப்படியே. கத்திரி வெயிலில் பூட்டிய காரிலோ மொட்டைமாடியிலோ கிடந்த நாய் மூச்சிரைத்து வாந்தி எடுத்தால் அது வெப்ப அடி. குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றிக்கொண்டே கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரைக் குடித்த நாய்க்கு எலிக்காய்ச்சல் வரலாம். வாந்தியோடு கண் மஞ்சளித்தால் நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது மனிதருக்கும் தொற்றும்.

உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் இடம் எது என்று இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேப்பேரியில் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் உண்டு. மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகத்தின் வேலை நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

புதிதாகக் கழிந்த மலத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். சில மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் ஜியார்டியா போன்ற நுண்ணுயிர்கள் தெரியும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது தண்ணீர் குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, தடுப்பூசி அட்டை, பூச்சி மாத்திரை கொடுத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் மறைக்காமல் பெயரோடு சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைத்தால் நாய்க்குத்தான் கேடு. உடம்பில் உண்ணி பார்த்திருந்தால் நீங்களாகவே சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் பல நேரம் பசியின்மையும் வாந்தியுமாகத்தான் தொடங்குகிறது.

மூன்று வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வரும் கழிச்சலுக்குக் கணக்கே வேறு. உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி, கணையம் நொதி சுரக்காமை, சிறுநீரகம், ஈரல், அட்ரினல் சுரப்பி என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஒவ்வாமையா என்று தெரிய, இதுவரை தின்னாத ஒரே வகைப் புரதத்தை மட்டும் சில வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் பாட்டி கொடுக்கும் ஒரு பிஸ்கட்டும் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதால் வீட்டில் உள்ள அத்தனை பேரிடமும், வேலைக்கு வருபவரிடமும், பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.